வெறும் இலைதான்

பாலர் பள்ளியிலிருந்து டீச்சர் வீடு திரும்பும்போது அவள் தோளில் ஏதாவது ஒரு பிள்ளையின் மூக்குச்சளி காய்ந்து ஒட்டியிருக்கும். அழுகிற பிள்ளையைத் தூக்கினால் அது தோளில்தான் முகம் துடைக்கும். அவளுக்கு அது பெரிய விஷயமாகப் பட்டதே இல்லை. அவள் புருஷனுக்குப் பட்டது.

"அங்கயே நில்லு. செருப்பை வெளிய விடு. எதையும் தொடாத."

கிருமிநாசினிப் புட்டியோடு கதவருகே நிற்பான். அவள் கைகளை நீட்ட வேண்டும், அவன் பீய்ச்சுவான். பிறகு அவள் ஹாலுக்குள் கால் வைக்காமல் பக்கத்துச் சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போய்க் குளித்து, துணியைத் தனி வாளியில் ஊறப்போட்டுவிட்டு வர வேண்டும். ஏழு வயது மகள் பாப்பாவுக்கும் இதே சட்டம்தான். ஒருநாள் ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்கிய சந்தோஷத்தில் ஓடிவந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். சுடுகிற பாத்திரத்தை இறக்குவதுபோல இரண்டு விரலால் அவளைப் பிடித்து விலக்கி வைத்தான்.

பார்சல் கிடங்கில் அவன் சூப்பர்வைசர். வேலை போக மீதி நேரமெல்லாம் சைக்கிள். காற்று வாங்கப் போகிற சைக்கிள் என்று நினைத்துவிடக் கூடாது. இருட்டோடு கிளம்பி வெயில் உச்சிக்கு வந்த பிறகு திரும்புகிற நெடுந்தூர சைக்கிள். சூடு பிடிக்க நேரமாகும், பிடித்துவிட்டால் நிற்காது என்று கிளப்பில் அவனுக்கு 'டீசல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் சொந்தக்காரர்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது. டீச்சரின் அக்கா வீட்டுக்காரர் போன் செய்தால், "டீசலும் டீச்சரும் சௌக்கியமா?" என்றுதான் ஆரம்பிப்பார்.

போன வருடத்துப் பெரிய சைக்கிள் ஓட்டம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. நானூறு கிலோமீட்டர், ஒரே மூச்சில். மாதக்கணக்கில் அதற்காகவே உழைத்திருந்தவன், கிளம்புவதற்கு முந்தின நாள் காய்ச்சலில் விழுந்தான். அந்த வாரம் டீச்சருக்கும் லேசாக இருமல் இருந்தது. அவ்வளவு போதும் அவனுக்கு.

"உன் பள்ளிக்கூடத்துக் குப்பையை நீதான் வீட்டுக்குள்ள கொண்டுவந்த" என்றான்.

"சளி எல்லாருக்கும்தான் வருது. நீங்க அந்த மாசம் பூரா சரியாத் தூங்கவே இல்ல."

"பேசாத."

அதற்குப் பிறகுதான் கேப்டன் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். கிளப்பின் தலைவர் அவர். ஓட்டுவதைவிடப் பேசுவதில் கெட்டிக்காரர். சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, டீச்சர் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே, அவள் அங்கே இல்லாததுபோல அவனிடம் சொன்னார்:

"டீசல், ஒரு நீண்ட ஓட்டம் முடிஞ்சதும் உடம்போட கதவெல்லாம் திறந்து கிடக்கும். எந்தக் கிருமி வேணும்னாலும் நேரா உள்ள வரலாம். கதவைச் சாத்தணும். மருந்து மாத்திரை எல்லாம் வேண்டாம். இயற்கைதான். வெறும் இலை, வேர், பாசி. பக்கவிளைவே கிடையாது."

அவர் சொன்ன இலையும் வேரும் பாசியும் அவரிடமே புட்டிகளில் கிடைத்தன.

அடுக்களையில் டீச்சரின் மசாலா டப்பாக்கள் இருந்த தட்டு முதலில் போனது. பிறகு அதற்குக் கீழ்த்தட்டு. கடல்பாசித் தூள், காளான் தூள், கிரீன் டீயைக் காய்ச்சி இறுக்கிய மாத்திரை, மஞ்சளின் சத்தைப் பிரித்து மிளகு சேர்த்த மாத்திரை, பெயரைச் சொல்ல நாக்குச் சுளுக்கிக்கொள்கிற ஒரு வேர். காலையில் மிக்ஸி போடுகிற சத்தத்தில் பாப்பா திடுக்கிட்டு எழுவாள். கழுவுதொட்டி பச்சையாகக் கறைபட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. சோற்றைக் குறைத்தான். உடம்பு இளைத்தால் மேட்டில் ஏறுவது சுலபமாம். தட்டில் அவள் போட்டதைப் பாதி ஒதுக்கிவிட்டு, கைநிறைய மாத்திரையைக் கொட்டி விழுங்குவான்.

"இதுக்கு எதையாவது ஒழுங்காச் சாப்பிடலாமே" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்னாள்.

"உனக்கு என்ன தெரியும்? அ, ஆ சொல்லிக் குடுக்கறதோட நிறுத்திக்க."

அவள் நிறுத்திக்கொண்டாள். வாயைத்தான். உள்ளே அது பொங்கிக்கொண்டே இருந்தது.

இந்த வருடத்து ஓட்டத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான், கூடவே நெஞ்சைக் கிழிக்கிற இருமல். டீச்சர் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். அவன் அறைக்குள் வரவில்லை. மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டு நடையிலேயே நின்று பேசினான்.

"ரெண்டு பேரும் உங்க அக்கா வீட்டுக்குப் போயிடுங்க. ஓட்டம் முடியட்டும்."

"காய்ச்சல்ல கிடக்குற குழந்தையை எங்க தூக்கிட்டுப் போறது?"

"டாக்சி கூப்பிட்டிருக்கேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கூடத்தில் அவர்களுடைய பெட்டி ஏற்கெனவே தயாராக இருந்தது. அவனே துணிகளை எடுத்து அடுக்கியிருந்தான். பாப்பாவின் பள்ளிச் சீருடையை வைக்க மறந்திருந்தான். பல்துலக்கும் பிரஷ்கூட இல்லை. ஆனால் அவர்கள் தொட்ட கதவுப்பிடிகளைத் துடைக்க மட்டும் ஒரு துணியைக் கையிலேயே வைத்திருந்தான்.

"நாங்க வீட்டு மனுஷங்களா, இல்ல கரப்பான்பூச்சியா?" என்று கேட்டாள்.

"நாடகம் போடாத. ஒரு மாசம். போன வருஷம் நீ பண்ணின மாதிரி இந்த வருஷமும் நடக்க விடமாட்டேன்."

டாக்சி கிளம்பும்போது பாப்பா கண்ணாடி வழியாகக் கையை ஆட்டினாள். அவன் அதற்குள் படிக்கட்டில் மருந்து தெளிக்க ஆரம்பித்திருந்தான்.

அக்கா வீடு சின்னது. இரண்டு அறை, அதில் ஏற்கெனவே நான்கு பேர். அக்கா பாப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுக்கையை விரித்தாள். பாப்பா தூங்கிய பிறகுதான் வெடித்தாள்.

"அந்த ஆளுக்கு நாம பொண்ணு குடுத்தோமா, கிருமி குடுத்தோமா?"

அக்கா வீட்டுக்காரர் சூழ்நிலையை இலேசாக்கப் பார்த்தார். "சகலைக்கு இப்ப சைக்கிள்தான் சம்சாரம். நாமதான் சின்னவீடு."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா அவரை முறைத்த முறைப்பில் அவர் எழுந்து போய்க் குழாயை மூடிவிட்டு வந்தார். அது திறந்தே இருக்கவில்லை.

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டு, பள்ளிக்கூடம் போக வேண்டிய நாள் வந்தது. டீச்சர் சீருடைக்காகப் போனாள். வீட்டுக்குள் விடமாட்டான் என்று தெரியும், முன்னாலேயே போன் செய்திருந்தாள். கேட்டுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு பையைக் கொண்டுவந்து மதில்மேல் வைத்தான். பகல் வெளிச்சத்தில் பார்க்க ஆளே பாதியாகியிருந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். நின்ற நேரமெல்லாம் முழங்கையைச் சொறிந்தான், பிறகு கழுத்தை, பிறகு வயிற்றை.

"என்ன, உடம்பெல்லாம் அரிப்பா?"

"கழிவு வெளிய போகுது. கேப்டன் சொன்னாரு, ஆரம்பத்துல அப்படித்தான் இருக்குமாம். அளவை ரெண்டு மடங்காக்கச் சொல்லியிருக்காரு."

"நல்லாச் சொறிங்க" என்று பையை எடுத்துக்கொண்டாள். பாப்பா எப்படி இருக்கிறாள் என்று அவன் கேட்பான் என அரைநொடி நின்றாள். அவன் மதிலைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது தலைமை ஆசிரியை அவளை அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"உங்க வீட்டுக்காரர் போன் பண்ணினார். அவருக்கு மஞ்சள்காமாலையாம். நம்ம பள்ளிக்கூடத்துல இருந்துதான் உங்க மூலமா வந்திருக்குன்னு சொல்றார். இங்க எத்தனை பிள்ளைங்களுக்கு வந்திருக்குன்னு என்கிட்ட கேக்கறார். சுகாதாரத் துறைக்கும் சொல்லிட்டாராம்."

"இங்க ஒரு பிள்ளைக்குக்கூட இல்லையே."

"எனக்குத் தெரியுது. பெத்தவங்களுக்கு யார் சொல்றது? ஒரு அம்மா போன்ல அழறாங்க. ரத்தப் பரிசோதனை பண்ணி, ஒண்ணும் இல்லைன்னு வர்ற வரைக்கும் நீங்க வரவேண்டாம்."

பால் டம்ளர்களை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தாள். கேட்டருகே நின்றிருந்த ஒரு தாய், தினமும் பேசிச் சிரிக்கிறவள், தன் பையனை இழுத்துத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டாள். அந்தப் பையன், "டீச்சர்!" என்று கூப்பிட்டான். அவன் வாயைப் பொத்தினாள்.

சேதி முழுதாகத் தெரியவந்தது அக்கா வீட்டுக்காரர் மூலம்தான். கிடங்கில் அவன் கண்ணாடியைக் கழற்றியபோது கண்கள் எலுமிச்சம்பழம்போல இருந்திருக்கின்றன. மேலாளர் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார். படுக்கையில் படுத்துக்கொண்டே அவன் முதலில் செய்த காரியம், பெண்டாட்டியின் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டது.

டீச்சர் பாப்பாவுக்கும் தனக்கும் ரத்தம் கொடுத்தாள். இருவருக்கும் ஒன்றுமில்லை என்று வந்தது. அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். பார்க்கப் போனாளா, சண்டைக்குப் போனாளா என்று கேட்டால் சண்டைக்குத்தான்.

வார்டில் எட்டுக் கட்டில்கள். ஜன்னலோரக் கட்டிலில் அவன். பக்கத்து ஸ்டூலில் கேப்டன், காலாட்டிக்கொண்டு. கல்லீரல் டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். கண்ணாடி போட்ட, சிரிக்காத அம்மா.

"தொற்று எதுவும் இல்லை" என்று டாக்டர் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "எல்லாம் பார்த்தாச்சு. யார்கிட்ட இருந்தும் உங்களுக்கு ஒட்டிக்கலை. பித்தப்பையிலயும் கல் இல்லை. அதனால திரும்பவும் கேக்கறேன். என்ன மருந்து சாப்பிடறீங்க?"

"மருந்தே சாப்பிடறதில்ல டாக்டர்."

"குடி?"

"தொட்டதே இல்ல."

"வேற எதாவது? பவுடர், மாத்திரை?"

"ஒண்ணுமில்ல. வீட்டுச் சாப்பாடுதான்."

"பொய்" என்றாள் டீச்சர்.

மூவரும் திரும்பினார்கள்.

அவன் மஞ்சள் கண்களை உருட்டினான். "நீ எதுக்கு வந்த? தள்ளி நில்லு."

அவள் தள்ளி நிற்கவில்லை. கட்டிலுக்கு மிக அருகே வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை 'நீங்க' என்பதைத் தவிர வேறு சொல்லி அழைக்காதவள் அவள். கோபத்திலும் அப்படித்தான்.

"நீ என் பள்ளிக்கூடத்துக்கு போன் பண்ணினியா?"

அவன் வாய் திறந்தபடி நின்றது. கண் மஞ்சளானபோதுகூட அவன் இப்படி மிரண்டிருக்க மாட்டான்.

"என்ன சொன்ன?"

"காது கேக்கலையா? நீ போன் பண்ணினியான்னு கேட்டேன். எனக்கு நோய்னு சொன்னியா? என்னைப் பார்த்து ஒரு தாய் பிள்ளையை இழுத்துக்கிட்டுப் போறா. உன்னால."

எதிர்க் கட்டில்காரர் நன்றாகக் கேட்பதற்காக நிமிர்ந்து உட்கார்ந்தார். கேப்டன் எழுந்தார். "தங்கச்சி, நோயாளி முன்னாடி இப்படி..."

"நீங்க உட்காருங்க" என்றாள் அவரிடம். "போயிடாதீங்க. ஒரு மணி நேரத்துல வர்றேன்."

வீட்டுக்குப் போனாள். பூட்டைத் திறந்து, செருப்புக் காலோடு ஹாலின் நடுவில் நடந்து அடுக்களைக்குப் போனாள். காய்கறி வாங்குகிற பெரிய பையை விரித்து, இரண்டு தட்டிலிருந்தும் புட்டிகளை வழித்துத் தள்ளினாள். பை கொள்ளாமல் இன்னொரு பை எடுத்தாள். திரும்பி வந்து டாக்டரின் மேசைமேல் ஒவ்வொன்றாக வைக்கப் பொறுமையில்லாமல் கவிழ்த்துக் கொட்டினாள். ஒரு புட்டி உருண்டு கீழே விழுந்து மூடி திறந்து, தரையெல்லாம் பச்சை.

டாக்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் இறுகியது. கிரீன் டீ மாத்திரையையும் மஞ்சள் மாத்திரையையும் தனியாக எடுத்து வைத்தார். வார்டுக்குப் போனார். அளவை ரெண்டு மடங்காக்கியதையும் சோற்றைக் குறைத்ததையும் சொல்லிக்கொண்டே டீச்சரும் பின்னாலேயே போனாள். கேப்டன் இன்னும் இருந்தார், ஆனால் பையைத் தோளில் மாட்டியிருந்தார்.

"இவ்வளவையும் தினமும் சாப்பிட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

கேப்டன் முந்திக்கொண்டார். "மேடம், அதெல்லாம் மருந்து கிடையாது. வெறும் இலைதான்."

"புகையிலையும் இலைதான் சார்."

எதிர்க் கட்டில்காரர் களுக்கென்று சிரித்தார்.

"டீயைக் குடிக்கறது வேற" என்று டாக்டர் தொடர்ந்தார். "அதையே பிழிஞ்சு பிழிஞ்சு, ஒரு குடம் டீயில இருக்கறதை ஒரு மாத்திரையில அடைச்சு, வெறும் வயித்துல ரெண்டு மடங்கா விழுங்கறது வேற. சிலருக்கு ஒண்ணும் ஆகாது. சிலருக்குக் கல்லீரல் வெந்துபோகும். இதுல எது பண்ணுச்சுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது, இந்த ரெண்டு மேலயும் எனக்குச் சந்தேகம். எல்லாத்தையும் இன்னியோட நிறுத்தணும். இன்னும் பத்து நாள் விட்டிருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன்."

"எதிர்ப்புச் சக்திக்காகத்தான்..." என்று அவன் முனகினான். "நீண்ட ஓட்டம் ஓட்டினா சளி பிடிக்குது டாக்டர்."

"பிடிக்கும். உடம்பை அவ்வளவு பிழிஞ்சு, தூக்கத்தைக் குறைச்சு, சோத்தையும் குறைச்சா யாருக்கும் பிடிக்கும். நல்லாச் சாப்பிடணும், தூங்கணும், நடுநடுவுல சைக்கிளை நிறுத்தி வைக்கணும். இதைச் சொன்னா எவனும் கேக்கமாட்டான்."

டாக்டர் நகர்ந்ததும் கேப்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நான் எல்லாருக்கும்தான் குடுத்தேன், டீசல். வேற யாருக்கும் எதுவும் ஆகல. அளவு மீறினது நீதான்."

"நீங்கதானே கேப்டன் ரெண்டு மடங்குன்னு..."

"நான் பொதுவாச் சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். அன்று மாலையே கிளப்பின் வாட்ஸாப் குழுவிலிருந்து டீசலை நீக்கிவிட்டார்கள்.

டீச்சர் ரத்தப் பரிசோதனைத் தாளைக் கட்டில்மேல் வைத்தாள். "எங்களுக்கு ஒண்ணும் இல்ல. படி."

அவன் படித்தான். அவள் காத்திருந்தாள். பாப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பான் என்று இப்போதும் ஒரு மடத்தனமான நப்பாசை. அவன் தாளை மடித்துக்கொண்டே கேட்டான்: "ஓட்டத்துக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. அதுக்குள்ள சரியாயிடுமான்னு டாக்டர்கிட்ட கேக்கறியா?"

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

ஓட்டம் அவன் இல்லாமல் நடந்து முடிந்தது. அவன் வீட்டில் தனியாகக் கிடந்தான். மஞ்சள் இறங்க வாரங்கள் ஆயின. அக்கா வீட்டுக்காரர்தான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தார். போகக்கூடாது என்று டீச்சர் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தார். பரிசோதனைத் தாள் போதாது, புகார் சொன்னவரே வந்து பெற்றோர்கள் முன்னால் பேச வேண்டும். டீச்சர் அவனுக்குச் செய்தி அனுப்பினாள், ஒரே வரி. நடக்கத் தெம்பு வந்ததும் அவன் வந்தான். சின்னச் சின்ன நாற்காலிகளில் பெற்றோர்கள் முழங்கால் மடங்க உட்கார்ந்திருந்தார்கள். தொளதொளத்த சட்டையில் அவன் முன்னால் நின்று தொண்டையைக் கனைத்தான்.

"ஒரு தவறான தகவல் பரவிடுச்சு. அதுக்காக வருந்தறேன்."

பையனின் வாயைப் பொத்திய அந்தத் தாய் கை தூக்கினாள். "பரவிடுச்சா, பரப்பினீங்களா?"

அவன் டீச்சரைப் பார்த்தான், கைகொடுப்பாள் என்று. அவள் சுவரில் ஒட்டியிருந்த யானைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரப்பினேன்" என்றான்.

மறுநாளே அவள் வேலைக்குத் திரும்பினாள். கணக்குத் தீர்ந்தது என்று அவன் நினைத்துக்கொண்டான் போல. அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்திவைத்துக்கொண்டு நின்றான். அக்கா உள்ளே கூப்பிடவில்லை. டீச்சர் வெளியே வந்தாள்.

"கிளம்பு. பெட்டியை எடுத்துக்க. பாப்பா எங்க?"

"நாங்க வரல."

"அதான் எல்லார் முன்னாடியும் மானம் போக நின்னேனே. இன்னும் என்ன வேணும் உனக்கு? செத்துப் பிழைச்சு வந்திருக்கேன்."

"பிழைச்சதுல எனக்குச் சந்தோஷம்தான். மதில்கிட்ட நின்ன அன்னிக்கு, ஆஸ்பத்திரியில, இப்ப வரைக்கும், காய்ச்சலோட அனுப்பின குழந்தைக்கு எப்படி இருக்குன்னு நீ ஒரு தடவை கேக்கல. நீ கேப்பே கேப்பேன்னு நான் காத்துக்கிட்டிருந்தேன். இனிமே காத்திருக்கறதா இல்ல."

"நான் நோயாளியா இருந்தேன்!"

"அவளும்தான்."

"சரி, இப்பக் கேக்கறேன். எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. பார்க்கணும்னா ஞாயித்துக்கிழமை வந்து பாரு. அவளுக்குப் பிடிச்சா உன்கூட வெளிய வருவா."

"இப்படிப் பேச உனக்கு யார் சொல்லிக் குடுத்தது? உங்க அக்காவா?"

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "நான் சொல்லிக் குடுத்திருந்தா இதைவிட நல்லாப் பேசியிருப்பா!"

ஆட்டோக்காரர் ஹாரனை இலேசாகத் தட்டினார். அவன் போனான்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் டீச்சர் பள்ளிக்குப் பின்தெருவில் மாடியில் ஒரு வீடு பார்த்துக் குடிபோனாள். அக்கா வீட்டுக்காரர் கட்டிலைத் தூக்கிவந்து போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவன் மறுபடி சைக்கிள் ஓட்ட ஆரம்பித்துவிட்டதாகவும், வேறொரு கிளப்பில் சேர்ந்திருப்பதாகவும் அவர்தான் சொன்னார்.

"இப்ப எதாவது விழுங்கறானான்னு கேக்கட்டுமா?" என்றார்.

"வேண்டாம்" என்றாள் டீச்சர், ஜன்னலுக்குத் திரை மாட்டிக்கொண்டே. "அவன் கல்லீரல், அவன் பாடு. அந்தச் சுத்தியலைக் கொஞ்சம் எடுங்க அத்தான்."